எத்தன நாள் லீவு?

வேப்பந்தட்டை வட்டத்து எறையூரில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் பெயரைப் பிறகுதான் பார்ப்பார்கள். முதலில் கண் போவது தாய்மாமன்களின் பெயர் வரிசைக்கு, அதிலும் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஊருக்கு. சிங்கப்பூர், துபாய், சவூதி, குவைத், மலேசியா. மண்டப வாசலில் நிற்கும் ஃப்ளெக்ஸில் இதே கணக்கு முகங்களாக வரும்: நடுவில் ஆளுயரத்துக்குக் குழந்தை, கீழே தீப்பெட்டி அளவில் கறுப்புக் கண்ணாடி போட்ட மாமன்கள், சித்தப்பன்கள், ‘வாழ்த்தும் அயல்நாடு வாழ் நண்பர்கள்’. உள்ளே மொய் எழுதுகிறவரின் நோட்டிலும் இந்தப் பெயர்கள் ஏறும். பணம் கொடுக்கும் கை மட்டும் மனைவியுடையதாக இருக்கும். வெளிநாடு போனவர்களைக் கணக்கெடுக்க ஆய்வாளர்கள் வீடுவீடாகக் கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். பத்திரிகை, ஃப்ளெக்ஸ், மொய் நோட்டு இந்த மூன்றையும் ஒரு வருஷம் சேர்த்துவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

பந்தியில் உட்கார்ந்தபின் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அப்பாவிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “எத்தன நாள் லீவு?” சம்பளம் எவ்வளவு என்று நேரடியாகக் கேட்பது மரியாதை இல்லை, லீவைக் கேட்கலாம். கேட்டவர் பதிலைக் கொண்டே சம்பளம், வேலை, கம்பெனியின் தராதரம் எல்லாவற்றையும் ஊகித்துக்கொள்வார். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவர் கடல் கடந்து போனால் விசேஷங்கள் என்ன ஆகின்றன, பிள்ளைக்கும் போனவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே பார்க்கலாம்.

முதலில் ஊர். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இன்னொரு எறையூர் இருக்கிறது. இது பெரம்பலூர் மாவட்டத்து எறையூர். வெளியூர்க்காரர்களுக்கு இது சர்க்கரை ஆலை ஊர். தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தின் துணை நிறுவனமான பெரம்பலூர் சர்க்கரை ஆலை இங்கேதான் 1970களின் பிற்பகுதியிலிருந்து கரும்பு அரைத்து வருகிறது. ஆலை அரைவைக் காலத்துக்கு மட்டுமே வேலை தரும். சுற்றியிருப்பது பெரும்பாலும் மானாவாரி மண்: மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள் தொகை 5,65,223. தமிழகத்திலேயே சிறிய தொகை. அந்தக் கணக்கில் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 1,003, பக்கத்து அரியலூரில் 1,015. இந்த மிகைக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆண்கள் வெளியே பிழைக்கப் போவதையும் அவற்றில் ஒன்றாகச் சேர்ப்பதில் தவறு இருக்காது.

கடல் கடப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்று சொல்லும்போது யாராவது கங்கைகொண்ட சோழபுரத்தை இழுத்து வருவார்கள். 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பிய ராசேந்திரனின் தலைநகர் இன்றைய அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தப் பெருமை இருக்கட்டும். படையில் போனவர்களின் பிள்ளைகளுக்கு யார் காது குத்தினார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. நமக்குப் பயன்படும் வரலாறு பிந்தையது. 1926இல் ஓடத் தொடங்கி 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த ‘ரஜூலா’ கப்பல் தமிழ்நாட்டு ஆண்களையும், சில சமயம் குடும்பங்களையும் மலேயாவில் கொண்டுபோய் இறக்கியது. பிறகு ‘சிதம்பரம்’ வந்தது. 1985இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழி முடிந்தது. அதற்குள் வளைகுடா திறந்திருந்தது, விமானமும் வந்திருந்தது. பக்கத்திலுள்ள வி.களத்தூர், வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காடு போன்ற முஸ்லிம்கள் மிகுந்த ஊர்களிலிருந்து வெளிநாடு போவது தலைமுறைகளாகப் பழகிய ஒன்று. தமிழ் முஸ்லிம்களிடம் பயணத்துக்கு ‘சபர்’ என்றும் போனவருக்கு ‘சபுராளி’ என்றும் சொல் உண்டு. ஒன்றுக்குத் தனிச் சொல் இருக்கிறது என்றால் அது அந்த ஊரில் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். மற்றவர்கள் ‘வெளிநாட்டுல இருக்காரு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

2015இல் இருதய ராஜன் முதலிய ஆய்வாளர்கள் நடத்திய தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, தமிழகத்திலிருந்து வெளிநாடு சென்றிருப்போர் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. முதலிடம் சிங்கப்பூருக்கு, அதன் பின்னால் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, அமெரிக்கா, மலேசியா. போனவர்களில் பெண்கள் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது மிகப் பெரும்பாலான வீடுகளில் போவது அப்பா. அம்மாவும் பிள்ளையும் ஊரில்.

எல்லா அப்பாக்களும் ஒரே மாதிரி போவதில்லை என்பதைப் பொதுவாக எழுதுகிறவர்கள் கவனிப்பதில்லை. நாட்டுக்கு நாடு லீவு வேறு. லீவு வேறானால் விசேஷமும் வேறு. சிங்கப்பூரின் வேலைச் சட்டப்படி முதல் ஆண்டு வேலைக்கு 7 நாள் ஆண்டு விடுப்பு, ஆண்டுக்கு ஒரு நாள் கூடி 14இல் நிற்கும். விமானம் நான்கு மணி நேரம்தான்; திருச்சியில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் வீடு. அதனால் சிங்கப்பூர் அப்பா குறுகிய நாட்களுக்கு வருகிறார். தீபாவளி அங்கே அரசு விடுமுறை என்பதால் அதையும் ஒட்டிக்கொள்கிறார். அமீரகச் சட்டம் ஆண்டுக்கு 30 நாள் தருகிறது, சவூதிச் சட்டம் 21 நாள், ஐந்து ஆண்டுக்குப் பிறகு 30. ஆனால் கூலி வேலைக்குப் போனவர்களில் பலரும் இரண்டு ஆண்டு விடுப்பைச் சேர்த்துவைத்து ஒரே தடவையாகத்தான் வருவார்கள். டிக்கெட்டையும் கம்பெனி அப்போதுதான் தரும். சிங்கப்பூர் வீட்டில் விசேஷங்கள் தனித்தனியாகச் சின்னச் சின்னதாக நடக்கும். சவூதி வீட்டில் எல்லாம் ஒரே மாதத்தில் குவியும்: மூத்ததுக்குக் காதுகுத்து, இளையதுக்கு முடியிறக்கம், புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவது, மச்சினிக்கு நிச்சயம். ஒரே பந்தல், ஒரே சமையல்காரர். ஊரார் இதைச் சிக்கனம் என்று நினைப்பார்கள். உண்மையில் நாட்கள்தான் குறைவு.

குவிந்த நாட்களுக்குள் நல்ல நாள் தேடுவது அடுத்த பாடு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் இந்தப் பக்கத்துப் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கும். விசேஷ நாட்கள் தனி. 30 நாள் லீவில் வந்தவருக்கு மொத்தம் எட்டு ஒன்பது நடை. அதில் முதல் வாரம் வந்த களைப்பிலும் பெட்டி பிரிப்பதிலும் போய்விடும், கடைசி வாரத்தில் போகிற துக்கம். நடுவில் கரிநாளும் அஷ்டமி நவமியும் வீட்டுப் பெண்களின் தீட்டு நாட்களும் கழிந்தால் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ. மொட்டை போடப்போகும் குழந்தைக்கு அதற்குள் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். அதற்காகவே குழந்தையைப் பதினைந்து நாள் வெயிலில் விடாமல் பொத்திவைக்கிற பாட்டிமார் உண்டு.

குடும்பத்தோடு வளைகுடாவில் இருப்பவர்களின் சிக்கல் இதைவிட விசித்திரமானது. அங்குள்ள இந்தியப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். அது நமக்கு ஆடி. காதுகுத்து, கிரகப்பிரவேசம், கல்யாணம் எதையும் ஆடியில் தொடமாட்டார்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்ட முடியிறக்கம், பொங்கல், கூழ் இவற்றுக்குத் தடையில்லை. ஆகவே ஜூலை முதல் வாரம் வந்திறங்கும் துபாய்க் குடும்பம் ஆடி முழுக்க அம்மன் கோயில்களுக்குப் போய்க்கொண்டு ஆவணி பிறக்கக் காத்திருக்கும். ஆகஸ்ட் 17 வாக்கில் ஆவணி. மாதக் கடைசியில் அங்கே பள்ளி திறப்பு. இடைப்பட்ட பத்து நாட்களில் மண்டபம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பஞ்சாங்கமும் பள்ளி நாட்காட்டியும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொள்வது போல இருக்கும்.

இதில் உண்மையான இழப்பு பிள்ளைகளுக்குத்தான். உள்ளூர்ப் பிள்ளைகளின் பெரிய விடுமுறை மே மாதம். துபாயிலிருந்து சித்தப்பா பிள்ளைகள் வரும்போது இவர்கள் பள்ளிக்கூடம் போய்விட்டிருப்பார்கள். வந்த பிள்ளை பகலெல்லாம் திண்ணையில் தனியாக உட்கார்ந்து சாயங்காலம் நாலரை மணிக்காகக் காத்திருக்கும். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் சேர்ந்து கிணற்றில் விழுந்து நீச்சல் பழகிய கதையெல்லாம் ஒரே ஊரில் ஒரே விடுமுறை இருந்த காலத்துக் கதை. முஸ்லிம் வீடுகளில் இந்தக் கணக்கு வேறு விதமாக ஓடும். நோன்பும் பெருநாளும் பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். கம்பெனி லீவு நகராது. சில ஆண்டுகள் பெருநாளும் லீவும் பொருந்திவரும், பிறகு பல ஆண்டுகள் விலகிவிடும். குழந்தை பிறந்ததற்கு ஆடு அறுக்கும் அகீகா ஏழாம் நாள் நடக்க வேண்டியது. அப்பாவுக்காகக் காத்திருக்க முடியாது, பெரும்பாலும் அவர் இல்லாமலே நடக்கும். கத்னாவை, அதாவது சுன்னத்தை, தள்ளிவைக்கலாம், தள்ளிவைக்கிறார்கள். அரியலூர்ப் பக்கத்தில் வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை திருத்தலத்துக்கு நேர்ந்துகொண்ட கத்தோலிக்க வீடுகளிலும் நேர்ச்சை லீவைப் பார்த்துத்தான் நிறைவேறும்.

‘பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதானே?’ என்று கேட்பவர்களுக்குச் சட்டம் பதில் சொல்கிறது. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் கட்டட வேலை பார்ப்பவர் மனைவி மக்களைச் சார்பு அனுமதியில் அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. மேல்நிலை அனுமதி வைத்திருப்பவருக்கும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். அமீரகத்தில் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். குவைத் 2024 தொடக்கத்தில் குடும்ப விசாவுக்கான சம்பள வரம்பை 800 தினாராக உயர்த்தியது. இந்தக் கோடுகள்தான் எறையூரில் எந்தப் பிள்ளை அப்பாவோடு வளரும், எந்தப் பிள்ளை பாட்டியோடு வளரும் என்பதைப் பிரிக்கின்றன. அப்பாவின் பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாசம் குறைவானதால் விட்டுவிட்டுப் போனார் என்று எழுதுகிற சிறுகதைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

கூட்டிப் போனாலும் அது நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சவூதி அரசு 2017 ஜூலையில் வெளிநாட்டுத் தொழிலாளரின் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் வரி விதித்தது. அது ஆண்டுக்கு நூறு நூறாகக் கூடி 2020இல் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,200 ரியால், அரசுக்கு மட்டும். பள்ளிக் கட்டணமும் வாடகையும் தனி. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பாதியில் எடுத்துக்கொண்டு தாய்மார்கள் ஊர் திரும்பினார்கள். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை ஊர்ப் பள்ளியில் முதல் நாள் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று யாரும் கணக்கெடுத்ததாக நான் பார்க்கவில்லை. அங்கேயே பிறந்த குழந்தையாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்தாக வேண்டும். குழந்தையின் முதல் பாஸ்போர்ட்டும் அங்கேதான். கழுத்து நிற்காத குழந்தையைப் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நேராக உட்காரவைக்கப் பட்ட பாடு, எல்லா வளைகுடா வீட்டிலும் சொல்லிச் சிரிக்கப்படும் கதை.

இனி விசேஷத்துக்கு வருவோம். ‘வெளிநாட்டுப் பணத்தையெல்லாம் காதுகுத்திலும் ஃப்ளெக்ஸிலும் கொட்டுகிறார்கள்’ என்பது பழைய குற்றச்சாட்டு. தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கும். பாதி உண்மைதான், வாடகை மண்டபமும் மேடை அலங்காரமும் ட்ரோன் கேமராவும் வந்தபிறகு ஒரு காதுகுத்து ஒரு கல்யாணத்தின் செலவைத் தொடுகிறது. மறுபாதியைச் சொல்ல வேண்டும். மொய் இந்தப் பக்கத்தில் சுழலும் பணம். அப்பா ஊரில் இல்லாத ஐந்தாறு ஆண்டுகளில் அவர் பெயரில் அவர் மனைவி எத்தனையோ விசேஷங்களுக்குப் போய் எழுதியிருப்பார். அந்தப் பணம் திரும்பிவர ஒரு விசேஷம் வைத்தாக வேண்டும். வைக்காமல் விட்டால் செய்த முறையெல்லாம் வீண், ‘நம்மகிட்ட எழுதிட்டு அவங்க செய்யவே இல்லையே’ என்ற பேச்சும் கூட. ஆக காதுகுத்து, ஊருக்குக் காட்டும் ஆடம்பரமாகவும் வரவேண்டிய கடனை வசூலிக்கும் நாளாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது.

பணத்தைவிட முக்கியமான ஒன்றையும் அது செய்கிறது. ஊரில் இல்லாத ஆள் ஊரின் கணக்கிலிருந்து அழிந்துபோகாமல் காப்பது விசேஷம்தான். அந்த வேலையைச் செய்பவர் அவர் மனைவி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமனார் வீட்டு வழியிலும் அப்பா வீட்டு வழியிலும் ஒரு விசேஷம் விடாமல் போக வேண்டும். எங்கே எவ்வளவு எழுதினோம் என்று நினைவில் வைக்க வேண்டும். சீர்த்தட்டில் என்ன குறைந்தது என்று பேச்சு வராமல் பார்க்க வேண்டும். யார் வீட்டுச் சாவுக்குப் போகவில்லை என்ற மனத்தாங்கலைத் தீர்க்க வேண்டும். ‘வெளிநாட்டுக்காரர் பொண்டாட்டி’ என்பதால் சேலையும் நகையும் கொஞ்சம் எடுப்பாக இருந்தால் ஒரு பேச்சு, சாதாரணமாக இருந்தால் வேறு பேச்சு. கேரளத்தில் லீலா குலாத்தி 1993இல் வெளிவந்த நூலில் வளைகுடா சென்ற ஆண்களின் மனைவிகள் வங்கி, பள்ளிக்கூடம், கட்டட வேலை எல்லாவற்றையும் தாமே நடத்தக் கற்றுக்கொண்டதைப் பதிவு செய்தார். எறையூர்ப் பெண்களும் அதைக் கற்றவர்கள்தான். முறை செய்வது என்ற இந்த இன்னொரு நிர்வாகத்தை ஆய்வுகள் வேலையாகவே எண்ணுவதில்லை.

தாய்மாமன் விஷயம் தனிச் சிக்கல். காது குத்தும்போது குழந்தை அமர வேண்டியது மாமன் மடியில். அப்பா இல்லாமல்கூட ஒப்பேற்றிவிடலாம். மாமன் இல்லாவிட்டால் முடியாது. அப்பா சவூதியில், மாமன் சிங்கப்பூரில் என்றால் இரண்டு கம்பெனிகளின் லீவும் திங்கள் அல்லது வெள்ளியில் சந்திக்க வேண்டும். பொருந்தாதபோது பெரியப்பா மகனையோ ஒன்றுவிட்ட மாமனையோ உட்காரவைத்து, உண்மை மாமனை வீடியோ காலில் காட்டி, சீரை அவர் பெயரில் வைக்கிறார்கள். மாமன் சீரில் தங்கம் இருந்தாக வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஆண் 20 கிராம் நகை கொண்டுவரலாம், மதிப்பு 50,000 ரூபாய்க்குள் என்று 2016ஆம் ஆண்டுச் சுங்க விதி வகுத்தது. தங்கம் ஏறிய வேகத்தில் அந்த 50,000 ஒரு பவுனுக்கே போதாமல் போனது. அதனால் மாமன் அங்கிருந்து பணம் அனுப்ப, பெரம்பலூர்க் கடைவீதியில் தோடு வாங்குவதே நடைமுறையாகிவிட்டது. பெட்டியில் வருவது சாக்லேட்டும் பால்பவுடரும் பேரீச்சையும் கோடாலித் தைலமும் போர்வையும்தான்.

போனவருக்கும் பிள்ளைக்கும் நடுவில் உள்ள உறவைப் பற்றிய ஆய்வுகள் வேறு நாடுகளிலிருந்தே அதிகம். 2018இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, பெற்றோர் பிழைக்கப் போய்விட்ட பிள்ளைகளைப் பற்றிய 111 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வு, ஊட்டக்குறைவு இரண்டும் அத்தகைய பிள்ளைகளிடம் கூடுதல் என்று கண்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சீனத்தில், நாட்டுக்குள்ளேயே நகரத்துக்குப் போன பெற்றோரைப் பற்றியவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் நடந்த பெரிய ஒப்பாய்வோ ஒரே மாதிரியான முடிவைத் தரவில்லை. நாட்டுக்கு நாடு, போனது தாயா தந்தையா என்பதற்கு ஏற்ப மாறியது. இவற்றை அப்படியே தூக்கிவந்து பெரம்பலூரில் ஒட்டுவது சரியாகாது. பாட்டி, அத்தை, சித்தி எல்லோரும் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஊர் இது. தொழிற்சாலை நகரத்துக்குப் பெற்றோர் இருவருமே போய்விட்ட சீனக் கிராமத்துப் பிள்ளையும், அம்மாவோடு இருக்கும் எறையூர்ப் பிள்ளையும் ஒன்றாக மாட்டார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது எந்த ஆய்விலும் இல்லாத ஒரு சின்ன விஷயம்: கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே அப்பா வேலை முடித்துக் குளித்துச் சாப்பிட்டு இரவு ஒன்பதுக்குக் கூப்பிட்டால் இங்கே மாலை ஆறரை. பிள்ளை விளையாடிவிட்டு வந்து கால் கழுவுகிற நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை. ஆறு மணிக்கு வேலை விட்டு, கம்பெனி பஸ்ஸில் கேம்ப்புக்கு வந்து, அறை ஆட்களோடு சமைத்து முடித்து அங்கே எட்டரைக்குக் கூப்பிட்டால் இங்கே பத்தோ பதினொன்றோ. பிள்ளை தூங்கிப் போயிருக்கும். அம்மா போனைத் திருப்பித் தூங்கும் முகத்தைக் காட்டுவார். சிங்கப்பூர் அப்பா பேசும் பிள்ளையைப் பார்க்கிறார், வளைகுடா அப்பா தூங்கும் பிள்ளையைப் பார்க்கிறார். பல வருஷம் இப்படியே போனால் ஒரு தலைமுறைக்கே வித்தியாசம் வரும். சவூதி, குவைத்தில் விடுமுறை நாள் வெள்ளி. அன்று பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. அதற்கென்று அனுமதிபெற்ற செயலிக்குக் காசு கட்டிப் பேசுவார்கள். ‘அப்பா எங்கே?’ என்று கேட்டால் போனைக் காட்டுகிற குழந்தைகள் இங்கே ஏராளம். நேரில் வந்த அப்பாவைக் கண்டு அழுது அம்மாவின் சேலைக்குள் ஒளிவதும், மூன்றாம் நாள் பழகி, முப்பதாம் நாள் ஏர்போர்ட்டில் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடாததும் வழக்கமான வரிசை.

அந்த ஏர்போர்ட் வழி எறையூர்க்காரர்களுக்கு மனப்பாடம். பெரம்பலூரில் ரயில் கிடையாது. வேன் பிடித்தால் தேசிய நெடுஞ்சாலையில் நேரே தெற்கு. சிறுவாச்சூர் வரும், பாடாலூர் வரும், சமயபுரம் வரும், பிறகு திருச்சி. திங்களோ வெள்ளியோ ஆனால் சிறுவாச்சூரில் இறங்கி அம்மனைப் பார்ப்பார்கள். மற்ற நாளில் வேனுக்குள்ளிருந்தே கும்பிடு. போகிறவர் ஒருவர், வழியனுப்ப வருபவர்கள் பத்துப் பேர். 2024 ஜனவரியில் திறந்த புது முனையத்தின் கண்ணாடிச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும் குழந்தைகளுக்கு அதுவும் ஒரு திருவிழா. அதே ஆண்டு அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள், திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்துப் பத்திரமாக அங்கேயே இறங்கியது. அன்று மாலை பொரிகடலையைத் தட்டிலேயே விட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்த வீடுகள் இந்த வட்டாரத்தில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை.

பாட்டிமாரின் பயணத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். பொறியியல் படித்து அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ போன பெண்ணுக்குப் பிரசவம் என்றால் அம்மா போகிறார். அதுவரை திருப்பதியைத் தாண்டாதவருக்கு அதுவே முதல் விமானம், பெரும்பாலும் கடைசியும். பெட்டியில் வசம்பு, சுக்கு, பிரசவ லேகியம், வறுத்து இடித்த பொடிகள், நூல் புடவை கிழித்த துணிகள். இடமிருந்தால் ஊர்ச் சின்ன வெங்காயம். மகள் இருப்பது அமீரகம் என்றால் மசாலாவில் கசகசா இருந்துவிடக் கூடாது. அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். எந்த நாடானாலும் பேரன் பிறந்து முப்பதாம் நாள் தொட்டில் போடுவார்கள். அரைஞாண் கட்டப் பாட்டி உண்டு, தாலாட்டவும் பாட்டி உண்டு. ஆனால் பார்க்க ஊர் இல்லை. நானறிந்தவரை இந்தப் பயணத்திலிருந்து திரும்பும் பாட்டிகள் அந்த நாட்டைப் பற்றிப் பேசுவது குறைவு. சன்னல் வழியே ஆறு மாதம் பார்த்த ஒரு மரத்தைப் பற்றி, பேசக் கிடைத்த ஒரு தெலுங்குக்காரப் பாட்டியைப் பற்றிச் சொல்வார்கள்.

தாய் போவதை அரசுகள் தந்தை போவதைப் போலப் பார்ப்பதில்லை. இலங்கை 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதியைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போவதைத் தடுத்தது. 2022இல் டாலர் வறண்டு நாடு தவித்தபோது அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. குழந்தையின் நலன் அந்நியச் செலாவணிக்குத் தக்கபடி மூன்று வயது இறங்கிக்கொண்டது. தந்தையருக்கு அப்படியொரு விதி எப்போதும் இருந்ததில்லை.

தாய் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி எறையூரில் இப்போது வேறு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. 2022 நவம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் எறையூர் சிப்காட்டில் காலணித் தொழிற்பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே கிராக்ஸ் செருப்பு தயாரிக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. தோல் அல்லாத காலணி ஆலைகள் தமிழ்நாடு எங்கும் பெண்களையே அதிகம் எடுக்கின்றன. வெளிநாட்டுக்குப் போன கணவனின் பணத்தில் குடும்பம் நடத்திய பெண், வெளிநாட்டுக் கால்களுக்குச் செருப்பு ஒட்டப் போகிறார். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. என்றாலும் சின்னப் பிள்ளையை ஆலைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோவதைவிட மாமியாரிடம் விட்டுப்போவதையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். பாட்டிக்கு மறுபடியும் கைக்குழந்தை. சொந்தச் சம்பளம் வந்த பெண் மொய் நோட்டில் தன் பெயரை எழுதச் சொல்வாரா என்பதைப் பார்க்க நான் ஆவலாக இருக்கிறேன். இதுவரை பார்த்த நோட்டுகளில் கணவர் பெயர்தான்.

கணவர் லீவில் வரும்போது இனிப் பொருத்த வேண்டியவை கூடிவிட்டன: அவர் கம்பெனி, மாமன் கம்பெனி, பஞ்சாங்கம், பிள்ளையின் பள்ளி, இவருடைய ஷிஃப்ட். சிறுவாச்சூர்க் கோயில் திங்கட்கிழமை திறந்திருக்கும். அன்று இவருக்கு முதல் ஷிஃப்ட். சூப்பர்வைசரிடம் இன்னும் கேட்கவில்லை.